சிட்டா யார் பெயரில்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பயிர்த்தொழிலுக்கு அரசு தரும் ஆதரவு பற்றிப் பேசுங்கள் என்றார்கள். கொள்முதல் விலை, காப்பீடு, உதவித்தொகை, இலவச மின்சாரம், கடன் தள்ளுபடி, உர மானியம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அதற்கு நான் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் 14 முதல் தமிழ்நாட்டில் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கையே வருகிறது; அமைச்சரே வாசித்துவிடுகிறார். நான் ஒரு கேள்வியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த உதவிகள் ஒவ்வொன்றும் வாங்க வருகிறவரிடம் என்ன காகிதம் கேட்கின்றன? அந்தக் காகிதம் யாரிடம் இருக்கிறது?

காவிரிப் படுகையை வைத்தே பேசுகிறேன். எனக்குத் தெரிந்த மண் இது. அதோடு, இந்தக் கதையின் முதல் அத்தியாயமும் இங்கேதான் எழுதப்பட்டது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. லால்பகதூர் சாஸ்திரி பிரதமர், நம்முடைய சி. சுப்பிரமணியம் உணவு, வேளாண் அமைச்சர். அதே மாதத்தில்தான் வேளாண் விலைக் குழுவும் அமைந்தது. கப்பலில் அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கினால்தான் நகரத்து ரேஷன் கடை திறக்கும் என்ற நிலைமை. விவசாயிக்கு நிச்சயமான விலை கொடுத்தால் கூடுதலாக விளைவிப்பார், அதை அரசு வாங்கி நகரத்துக்குக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஆக, குறைந்தபட்ச ஆதரவு விலை பிறந்தபோது அதன் கண் தானியத்தின் மேல்தான் இருந்தது. நெல் வந்தால் போதும். கொண்டுவந்தவர் பட்டாதாரரா, குத்தகைக்காரரா என்பது அப்போது யாருக்கும் பெரிய விஷயமாக இல்லை.

பிறகு 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. 2002 அக்டோபர் முதல் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறைக்கு மாநிலம் மாறியது. அதாவது மாநிலக் கழகமே வாங்கி, அரைத்து, ரேஷனுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மத்தியத் தொகுப்போடு கணக்கு நேர்செய்துகொள்ளும். 2025 - 26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு வைத்த விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389. மாநில அரசு தன் பங்குக்கு 131ம் 156ம் சேர்த்து 2,500, 2,545 என்று ஆக்கியது. மனக்கணக்குக்கு வசதி: 40 கிலோ சிப்பம் ஒன்று ஆயிரம் ரூபாய்.

அந்த ஆயிரம் ரூபாய் கைக்கு வரும் வழியைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். குறுவை அறுவடை செப்டம்பரில் சூடுபிடிக்கும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். இரண்டும் மோதிக்கொள்ளும் அந்த மூன்று நான்கு வாரத்தில் ஏதாவது ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய் நில்லுங்கள். களம் நிரம்பிச் சாலையோரம் வரைக்கும் நெல் குவியல். மேலே தார்ப்பாய், ஓரத்தில் காற்றுக்குத் தூக்காமலிருக்கச் செங்கல். வெயில் தலைகாட்டியதும் பாயை விலக்கிக் காலால் கிளறிவிடுவார்கள். மேகம் கூடினால் ஓடிவந்து மூடுவார்கள். குவியலுக்குப் பக்கத்திலேயே படுக்கை. உள்ளே தூற்றும் இயந்திரம், தராசு, சாக்குக் கட்டு. பட்டியல் எழுத்தர் ஒரு கை நெல்லை அள்ளி ஈரப்பதமானியில் போடுகிறார். 17 விழுக்காடு வரை வாங்கலாம். 19 காட்டினால், "காயவெச்சு எடுத்துட்டு வாங்கண்ணே" என்பார். எங்கே காயவைப்பது? வானம் அவருக்கும் தெரியும். மாநில அரசு டெல்லிக்கு எழுதி, அங்கிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப் போய், 19 வரை வாங்கலாம், 20 வரை வாங்கலாம் என்று உத்தரவு வந்த ஆண்டுகள் உண்டு. உத்தரவு வருவதற்குள் குவியலின் அடிநெல் முளைத்துவிட்ட ஆண்டுகளும் உண்டு. படுகையில் அக்டோபரில் மழை பெய்யும் என்பது டெல்லிக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிய செய்தியாக இருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் வாங்குகிறார்கள் என்ற புகாரையும் குறைதீர் கூட்டங்களில் எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அது தனிச் சொற்பொழிவுக்கு உரியது.

நான் காட்ட வந்தது ஈரப்பதமானிக்கு முன்னால் நடக்கும் ஒரு காரியத்தை. நெல்லைக் கொண்டுவருமுன் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். நிலம் யார் பெயரில் என்று சொல்லும் சிட்டா, அதில் என்ன பயிர் என்று சொல்லும் அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு. கிராம நிர்வாக அலுவலர் சரிபார்க்க வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெளியூர் நெல்லை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து விவசாயி பெயரில் விற்ற வியாபாரிகளைத் தடுக்கத்தான் இது வந்தது. ஆனால், குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவரின் நிலைமையைப் பாருங்கள். சிட்டா சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் நிலக்காரர் பெயரில் இருக்கிறது. அவர் ஒப்புக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரும் மனம் வைத்து, சாகுபடிச் சான்று கிடைத்தால் நெல் போடலாம். கிடைக்காவிட்டால் நிலக்காரர் பெயரிலேயே பதிந்து அவர் கணக்குக்கே பணம் போகும். அவர் குத்தகையைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் முடியாதவர் வயலிலேயே, அறுவடை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வியாபாரியிடம் விற்றுவிடுகிறார். வியாபாரி காகிதம் கேட்பதில்லை. விலையைத்தான் குறைத்துக் கேட்பார். அதே நெல் வேறு யாரோ ஒருவர் சிட்டாவின் பேரில் கொள்முதல் நிலையத்துக்கே போய்ச் சேர்வதும் உண்டு என்பது இங்கே டீக்கடையில் எல்லோரும் பேசும் சங்கதி. எந்த வியாபாரியைத் தடுக்கக் காகிதம் கேட்டோமோ, அவரிடம் காகிதம் இருக்கிறது. நாற்று நட்டவரிடம் இல்லை.

அடுத்தது காப்பீடு. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 காரிப் பருவத்தில் தொடங்கியது. விவசாயியின் பங்கு காரிப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ராபிக்கு 1.5 விழுக்காடு, தோட்டப் பயிருக்கு 5. மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டும். படுகையில் சம்பா, தாளடிக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். அன்றைக்குப் பொதுச் சேவை மையங்களில் இருக்கும் வரிசையைப் பார்த்தால் காப்பீட்டில் மக்களுக்கு நம்பிக்கை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இழப்பீடு கணக்கிடும் முறையைப் பெரும்பாலானவர்கள் அறிந்துவைத்திருக்கவில்லை. அறியாததால்தான் பாதிக் கோபம். உங்கள் வயல் மூழ்கியதா என்று இந்தத் திட்டம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. கிராமத்தைத்தான் பார்க்கிறது. ஒரு வருவாய்க் கிராமத்தில் நான்கு வயல்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள். அதன் சராசரிதான் கிராமத்தின் மகசூல். முந்தைய ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்தின் சராசரியை எடுத்து, இழப்பீட்டு நிலைக்கு ஏற்ப அதில் 70, 80 அல்லது 90 விழுக்காட்டை வரம்பாக வைத்திருப்பார்கள். கிராமத்தின் மகசூல் அந்த வரம்புக்குக் கீழே போனால் எல்லோருக்கும் பணம்; மேலே நின்றால் யாருக்கும் இல்லை. மேட்டுவயல்காரர் கோட்டையாக விளைவித்தால் பள்ளத்துவயல்காரரின் இழப்பு சராசரியில் கரைந்துபோகும். வடிகால் அடைத்துக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் முங்கும் ஊர்கள் நம் பகுதியில் எத்தனை! தனி வயல் சேதத்துக்கு இழப்பீடு தரும் பிரிவு ஒன்று திட்டத்தில் உண்டு. அதிலும் 2018இல் வெள்ளம் தேங்கியதால் வரும் சேதத்திலிருந்து நெல்லை எடுத்துவிட்டார்கள். நெல் தண்ணீரில் வாழும் பயிர்தானே என்பது காரணம். கழுத்துவரை தண்ணீரில் பத்து நாள் நின்ற பயிரைப் பார்க்காதவர்கள் சொன்ன காரணம் அது. 2026 காரிப் முதல் நெல்லுக்கும் அந்தப் பிரிவு திரும்ப வரும் என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. ஏழெட்டு ஆண்டு முங்கிய வயல்களுக்கு இது காலம் கடந்த செய்தி என்றாலும் நல்ல செய்தி.

குத்தகைதாரரும் வாரத்துக்குப் பயிர் செய்பவரும் காப்பீடு செய்யலாம் என்று இந்தத் திட்டத்தின் விதிமுறையே சொல்கிறது. ஏட்டில் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் உள்ளே நுழைய அடங்கல் வேண்டும். நிலக்காரர் ஊரில் இல்லாவிட்டாலும் சிட்டாவைக் காட்டி அதே சர்வே எண்ணுக்குக் காப்பீடு கட்டிவிட்டால், பிறகு வரும் குத்தகைதாரரின் விண்ணப்பம் இரட்டைப் பதிவாகிவிடுகிறது. பேரிடர் நிவாரணத்திலும் இதே இழுபறிதான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதம் என்றால் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்பது மத்திய விதி. 2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்து மழையில் பயிர் சாய்ந்தபோது மாநில அரசு 20,000 அறிவித்தது. ஏக்கருக்கு ஏறக்குறைய 8,100. விதை, நாற்று, நடவு, களை, உரம், பூச்சிமருந்து எல்லாம் குத்தகைதாரர் கையிலிருந்து போனது. மழை வந்தது என்பதற்காகப் பெரும்பாலான ஊர்களில் குத்தகை மூட்டை குறைவதுமில்லை. நிவாரணம் மட்டும் யாருடையது என்று பஞ்சாயத்து.

பிஎம் கிசான் உதவித்தொகையில் இந்தச் சிக்கலே கிடையாது. அது ஒளிவுமறைவில்லாமல் நிலத்துக்குத் தரும் பணம். 2019 பிப்ரவரி இடைக்கால நிதிநிலை அறிக்கையில் அறிவித்து, 2018 டிசம்பரிலிருந்தே கணக்கு வைத்துத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர் குடும்பத்துக்கு. குத்தகைதாரருக்கு இல்லை. கோயில் நிலம் உழுகிறவருக்கும் இல்லை. நிறுவனங்களின் நிலம் திட்டத்துக்கு வெளியே. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு இந்தத் திட்டத்தில் ஒரு பெரிய மோசடி வெளிவந்தது நினைவிருக்கும். ஒரு சென்ட் நிலமில்லாதவர்கள், விவசாயத்தோடு ஒட்டும் உறவும் இல்லாதவர்கள், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலில் நுழைந்திருந்தார்கள். நூறு கோடிக்கு மேல் பணம். தரகர்களால் கணினியில் அத்தனை பேரைச் சேர்க்க முடிந்தது. இருபது வருடமாக அதே வயலில் கால் வைத்திருக்கும் குத்தகைதாரரைச் சேர்க்க நேர்மையான வழி ஒன்றுகூட இல்லை.

பட்டா என்றதும் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 - 16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள கைப்பற்றுகளில் பெண்கள் கையில் இருந்தவை ஏறக்குறைய 14 விழுக்காடுதான். கணவர் இறந்து, வாரிசுச் சான்று வாங்கி, பட்டா மாறுவதற்குள் இரண்டு மூன்று சாகுபடி முடிந்துவிடும். பல வீடுகளில் மாறுவதே இல்லை. சிட்டாவில் மாமனார் பெயர் இன்னும் உயிரோடு இருக்கும். அந்த அம்மாள் சொந்த நிலத்திலேயே குத்தகைக்காரர் போலத்தான்.

மின்சாரத்தையும் கடன் தள்ளுபடியையும் விரைவாகத் தாண்டிவிடுகிறேன். இலவச மின்சாரம் கொங்கு மண்ணின் போராட்டத்தில் விளைந்தது. நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டண உயர்வை எதிர்த்துத் தொடங்கி, 1972இல் மாட்டுவண்டிகளைக் கொண்டே கோவையை மறித்தார்கள். துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. சிறு விவசாயிகளுக்கு 1984இல் வந்த சலுகை, 1990 வாக்கில் எல்லாப் பம்புசெட்டுக்கும் என்று ஆனது. அது கிணறு வைத்திருப்பவருக்கான உதவி. மோட்டாரோடு சேர்த்துக் குத்தகைக்கு விட்டால் குத்தகைத் தொகையிலேயே அதன் மதிப்பு ஏறிவிடும்.

கூட்டுறவுக் கடன் தள்ளுபடி 2006இல் 6,866 கோடி, 2016இல் 5,780 கோடி, 2021இல் 12,110 கோடி. மூன்றும் ஏதோ ஒரு தேர்தலை ஒட்டி வந்தவை என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். நாட்டிலேயே கூட்டுறவுக்கு முன்னோடி நாம். 1904இல் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் தொடங்கிய சங்கத்தைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் சங்கத்தில் கடன் வாங்கியிருந்தால்தானே தள்ளுபடி? சிட்டா இல்லாதவர் பயிர்க்கடனுக்கு உரக்கடைக்காரரிடம் போகிறார், இல்லையென்றால் வீட்டுக் கழுத்துச் சங்கிலியோடு அடகுக்குப் போகிறார். உரக்கடைக் கணக்கை எந்த அரசும் தள்ளுபடி செய்ததில்லை. விவசாய நகைக்கடன் என்று வங்கியில் குறைந்த வட்டிக்குக் கேட்டால், நகையோடு சிட்டாவும் கேட்பார்கள்.

காகிதம் கேட்காமல் வருகிற உதவி ஒன்றே ஒன்று: உர மானியம். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஆதாரைக் காட்டி இயந்திரத்தில் விரல் வைத்தால் போதும். அதனால் அது உழுகிறவர் கைக்கு நேராக வருகிறது. யூரியா மட்டும் மலிவாக இருப்பதால் மண்ணுக்கு வந்த கேடு வேறு கதை. வேண்டிய உதவி சரியான ஆளிடம் போகவில்லை, வேண்டாத அளவுக்கு ஓர் உதவி சரியான ஆளிடம் போய்ச் சேருகிறது.

சரி, குத்தகையை எழுதிப் பதிந்துவிட்டால் எல்லாம் தீருமே, ஏன் எழுதுவதில்லை? இங்கேதான் வரலாறு காலைக் கட்டுகிறது. நமக்குச் சட்டம் குறைவில்லை. 1952இல் தஞ்சைப் பண்ணையாள், குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1956இல் நியாய வாரச் சட்டம். 1969இல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம். ரத்தம் சிந்தி வாங்கிய சட்டங்கள் இவை. நினைத்த மாதிரிக்கு வெளியேற்றப்பட்ட எத்தனையோ குடும்பங்களை இவை காப்பாற்றின. பதிவேட்டில் ஏறியவரை நிலக்காரரால் லேசில் இறக்க முடியாது. அதனாலேயே பிந்தைய தலைமுறை நிலக்காரர்கள் யாரையும் ஏறவிடுவதில்லை. கையெழுத்து இல்லை, ரசீது இல்லை. ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டை என்று வாய்ப்பேச்சு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றுவதும் உண்டு.

இதில் நிலக்காரர் எல்லோரையும் வில்லனாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. மூன்று ஏக்கரை விட்டுவிட்டுப் பிள்ளையைப் படிக்க வைக்க நகரத்துக்குப் போன பள்ளி ஆசிரியருக்கு அந்த நிலம்தான் மகள் கல்யாணத்துக்கு இருக்கும் கையிருப்பு. விற்க நினைக்கும் நாளில் ஒருவர் பாத்தியதை கேட்டு வழக்குப் போட்டால் பத்து வருடம் நீதிமன்றம். அவர் பயம் நியாயமானது. கோயில் நிலம் வேறு மாதிரி. அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களுக்குச் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் இருக்கிறது. அங்கே குத்தகைதாரர் பெயர் பதிவில் இருக்கும், ஆனால் தாத்தா பெயரில் இருக்கும். பேரன் மூன்றாவது ஆளுக்கு உள்குத்தகை விட்டிருப்பார். உழுகிறவர் பெயர் அங்கேயும் இராது.

மற்ற மாநிலங்கள் இதே சுவரில் முட்டியிருக்கின்றன. தெலங்கானாவில் 2018இல் ரயத்து பந்து வந்தது. பருவத்துக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய், அடுத்த ஆண்டே 5,000. இந்தியாவில் அதுவரை யாரும் அப்படிக் கொடுத்ததில்லை. பணம் முழுக்கப் பட்டாதாரருக்கு. நூறு ஏக்கர்காரருக்கும் கிடைத்தது, குத்தகைதாரருக்கு ஒரு ரூபாய் கிடைக்கவில்லை. 2018 டிசம்பரில் ஒடிசா அறிவித்த காலியா திட்டம் வாரத்துக்குப் பயிரிடுபவரையும், நிலமே இல்லாத வேளாண் கூலிக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. தொகை சிறியது, மனசு பெரியது. ஆனால் ஆளைக் கண்டுபிடிப்பதில் அவர்களும் திணறினார்கள்.

நமக்கு அதிகப் பாடம் ஆந்திராவில் இருக்கிறது. 2011இல் அங்கே உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். நிலக்காரரின் சம்மதம் வேண்டியதில்லை. வருவாய்த் துறை விசாரித்து ஓராண்டுக்குச் செல்லும் அட்டை தரும். அந்த அட்டையால் குத்தகை உரிமை எதுவும் வராது, கடனுக்கும் காப்பீட்டுக்கும் மட்டும் பயன்படும். அட்டை கிடைத்தது, வங்கிகள் கடன் தரத் தயங்கின. 2019இல் அதை மாற்றி, பதினொரு மாதத்துக்கு நிலக்காரரும் சாகுபடியாளரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருந்தால் அட்டை என்றார்கள். இப்போது நிலக்காரர் கையெழுத்துப் போட மறுத்தார். ஒரு கதவைத் திறந்தால் இன்னொன்று மூடிக்கொள்கிறது.

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு நான் எங்கே வந்து நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நிலத்தைப் பார்த்துத் தரும் பணம் நிலக்காரரிடமே போகட்டும். பிஎம் கிசானைப் பிடுங்கி யாரிடமும் கொடுக்கச் சொல்லவில்லை. பயிரைப் பார்த்துத் தருகிற மூன்று உதவிகள் - கொள்முதல் விலை, காப்பீடு, பேரிடர் நிவாரணம் - பயிர் வைத்தவரிடம் போக வேண்டும். அதற்கு நமக்கு வேண்டியது ஒரு பருவத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் சாகுபடிச் சான்று. அதை வைத்து எந்த நீதிமன்றத்திலும் குத்தகை உரிமை கோர முடியாது என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். கடனை இதில் நான் சேர்க்கவில்லை. கடனையும் சேர்த்து ஆந்திரா கண்ட பலன் நமக்குத் தெரியும்.

இடதுசாரி விவசாய சங்க நண்பர்களுக்கு இது கசக்கும். 1969 சட்டத்தை இப்படிக் கொல்லைப்புறமாகக் குழி தோண்டிப் புதைக்கிறாயா என்று கேட்பார்கள். அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பதிவேட்டில் ஏறியவர்களின் உரிமையை இந்தச் சான்று தொடுவதில்லை. ஏறவே வாய்ப்பில்லாத வாய்மொழிக் குத்தகைக்காரருக்கு இன்று சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை, ஒரு சான்றும் இல்லை.

இதற்கான கருவிகள் புதிதாகத் தேவையில்லை. 2024 நவம்பரில் வேளாண் மாணவர்களை வயல் வயலாக அனுப்பி டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு நடத்தினார்கள். மழைக்காலத்தில் சேற்றிலும் வரப்பிலும் மாணவர்களை அலையவிட்டதைப் பற்றி வந்த கண்டனங்கள் சரியானவையே. அந்தக் கணக்கெடுப்பு ஒவ்வொரு சர்வே எண்ணிலும் என்ன பயிர் நிற்கிறது என்று படத்தோடு பதிகிறது. அந்தப் பயிரை வைத்தவர் யார் என்பது பக்கத்து வயல்காரருக்குத் தெரியும், நாற்றுக்கட்டு தூக்கியவருக்குத் தெரியும், கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியும். ஊருக்கே தெரிந்த விஷயம் கணினிக்கு மட்டும் தெரியாமலிருக்கிறது.

அவசரம் ஏன் என்றால், 2025இல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பட்டாவோடு ஆதாரை இணைத்து எண் தருகிறார்கள். இனிமேல் எந்தத் திட்டத்துக்கும் இந்த எண்ணே சாவி என்கிறார்கள். இன்றைக்குச் சிட்டா கேட்கும் இடங்களிலாவது, மனமுள்ள ஓர் அலுவலர் பார்த்துச் சான்று எழுதிக் கொடுக்க வழி இருக்கிறது. பட்டாதாரர் மட்டுமே விவசாயி என்று ஒரு பட்டியல் கணினியில் முடிந்துபோனால் அந்த வழியும் அடைபடும். அந்தப் படிவத்தில் பட்டாதாரர் பெயருக்கு அடியில், இந்தப் பருவச் சாகுபடியாளர் என்று ஓர் இடம் விட வேண்டும்.

யார் சரிபார்ப்பது, யார் கையெழுத்து என்று கேட்பீர்கள். நிலக்காரரின் கையெழுத்தைக் கேட்கக் கூடாது. அவருக்கு அறிவிப்புப் போக வேண்டும், மறுப்பு இருந்தால் சொல்ல நாள் தர வேண்டும். பட்டியலைக் கிராம சபையில் உரக்க வாசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஆகஸ்ட் 15 சபையில் குறுவைப் பட்டியலை வாசித்தால், அறுவடை சூடுபிடிக்குமுன் கொள்முதல் பதிவுக்கு அது தயாராகிவிடும். அக்டோபர் 2 சபையில் சம்பாப் பட்டியல். நவம்பர் 15 காப்பீட்டுக் கடைசி நாளுக்கு ஆறு வாரம் இருக்கிறது, மறுப்புகளை விசாரித்து முடிக்க அது போதும். குறுவை அறுத்துவிட்டுத் தாளடி பிந்தி நடுகிறவர்களுக்கு நவம்பர் 1, உள்ளாட்சி நாள் சபை. அவர்களுக்கு இரண்டே வாரம்தான் கிடைக்கும். அதற்குள் ஓர் ஊரின் தாளடி முழுவதையும் சரிபார்க்க முடியுமா, இல்லை தாளடிக்கு மட்டும் காப்பீட்டு நாளைத் தள்ளிவைக்க வேண்டுமா என்பதை அறையில் உட்கார்ந்து நான் சொல்ல முடியாது. கிராம நிர்வாக அலுவலர்கள் சங்கத்தைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.